நோய் வராத வீடுகள்

ஜூன் 19, வியாழன்

எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் பரீட்சைக்கு அல்லாமல் யாரும் எதையும் எழுதியதில்லை. மூலையில் உட்கார்ந்து என்னைப் பற்றி நானே எழுதுவது ரொம்பப் பெரிய ஆள் மாதிரி இருக்கிறது. ஆனால் வாயில் வராதது எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்? தமிழில் எழுதுகிறேன். தம்பிக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது; எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் நான் பிடுங்கிவிடலாம்.

இன்று நல்ல மழை. செம்பூரில் லேபுக்குப் போகும்போதே சுடிதார் முழங்கால் வரை நனைந்துவிட்டது. மஞ்சள் காமாலைக்கு ரத்தம் பார்க்க நிறையப் பேர் வந்திருந்தார்கள். ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. இதை எத்தனை முறை சொன்னாலும் சந்தில் யாரும் கேட்பதில்லை. "லேப்ல இருக்க பிள்ள" என்றே ஆகிவிட்டது. பி.எஸ்ஸி. முடித்தது இந்தச் சந்தில் நான் மட்டும்தான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டுகிறார்கள்.

எங்கள் சந்திலும் இரண்டு பேருக்குக் காமாலையாம்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு ஐந்தாகிவிட்டது. "போய் என்னன்னு கேளேம்ளா, படிச்சவ பேசாம இருந்தா எப்படி?" என்று அம்மா விரட்டினாள். ஐந்து வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று கேட்டேன். இந்த வாரம் என்ன சாப்பிட்டீங்க? வெளியே எங்கே வாங்கினீங்க?

ஐந்து பேரிடமும் ஒரே பதில். எங்கள் சந்தில் இட்லி விற்கும் பேராச்சி அத்தையின் இட்லி. தேங்காய்ச் சட்னி.

பயமாக இருந்தது. பயம் மட்டும் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷமும் இருந்தது. போனில் ஏஐயிடம் கேட்டேன்: 'வேகவைக்காத தேங்காய்ச் சட்னி மூலம் காமாலை பரவுமா?' பரவலாம் என்றது. போதும் என்று மூடிவைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் மட்டும்தான்.

ஜூன் 23, திங்கள்

சந்துக் கமிட்டித் தலைவர் வெயிலுமுத்து அண்ணனிடம் அம்மா குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அவர் குரூப்பில் குரலைப் பதிந்து போட்டுவிட்டார். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் எங்கள் குரூப்பில் எல்லாமே குரல்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நம்ம இசக்கிதுரை அண்ணாச்சி மக பிரபாவதி, லேப்ல பெரிய போஸ்ட்ல இருக்கு. அது டெஸ்ட் பண்ணியே சொல்லிட்டு. காமாலை பேராச்சி சட்னிலதான் இருக்கு. ஒருத்தரும் வாங்கப்பிடாது. எல்லா குரூப்புக்கும் தள்ளிவிடுங்க."

நான் எதையும் டெஸ்ட் பண்ணவில்லை. அதையாவது திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? குர்லா பட்டறையிலிருந்து வந்த அப்பா கையைக்கூடக் கழுவாமல், 'மக பிரபாவதி' என்று வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஜூன் 25, புதன்

பேராச்சி அத்தை சந்து நடுவில் என்னை மறித்துவிட்டார். சுற்றிலும் பெண்கள்.

"ஏட்டி, எஞ்சட்னிய எந்தக் கண்ணாடில வச்சுப் பாத்த? ஒரு கிண்ணமாது வாங்கிட்டுப் போனியா? வாய்லயே டெஸ்ட்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பின்னால் யாரோ சொன்னது கேட்டது: "படிச்ச பிள்ளைட்ட போயி எகிறுதா பாரு. தப்பு இருக்கப்போயிதான இந்தக் கத்து."

ஜூன் 30, திங்கள்

இந்த வாரம் புதிதாக யாருக்கும் வரவில்லை. சட்னி நின்றது, காமாலையும் நின்றது. நான் சொன்னது சரிதான்.

பேராச்சி அத்தையின் வீட்டுக்காரர் பூதத்தான் மாமா மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் இட்லியைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். அங்கேயும் அந்தக் குரல் போய்விட்டதாம். இட்லித் தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது மணியடிக்கவில்லை.

சரியானதைச் சொன்னாலும் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும். அப்படித்தானே?

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் வரிசையில் தையல் மிஷின் போட்டிருக்கும் நஜ்முன்னிசா அக்காவின் பையனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பேராச்சி இட்லி எப்பக்கா சாப்பிட்டான்?"

"அவனா? இட்லியத் தொடவே மாட்டானே. காலைல பாவ் ரொட்டியும் சாயும்தான். அவன் ஜிந்தகியே பாவ்தான்."

பள்ளிக்கூடத்தில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீ சொன்னா சரிதான் பேட்டா."

திரும்பி வரும்போது யோசித்தேன். இவ்வளவு சீக்கிரம் எனக்கு எப்படிப் பதில் வந்தது?

ஜூலை 16, புதன்

கோகிலாவுக்கும் காமாலை.

கோகிலவாணி என்னோடு பத்தாவது வரை படித்தவள். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். இப்போது ஆறு மாதம். சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போகிறது என்று காலையில் வந்து நின்றாள். கண்ணைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டாம், அவ்வளவு மஞ்சள்.

"நீ சொன்னதுலருந்து இட்லிக்காரி வாசப்பக்கமே போகலடி. வெளிய ஒரு வாய் தின்னல. தண்ணிகூட நம்ம குழாத் தண்ணி மட்டுந்தான் குடிச்சேன். பொறவு எப்படி வந்துச்சு?"

கர்ப்பிணிகளுக்கு இது மற்றவர்களுக்குப் போல லேசாகப் போய்விடாது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன்.

நம்ம குழாத் தண்ணி மட்டுந்தான். நம்ம குழாத் தண்ணி.

ஜூலை 17, வியாழன்

லேபுக்கு லீவு. பரண் மேல் கட்டிவைத்திருந்த புத்தகங்களை இறக்கினேன். இரண்டாம் வருஷப் புத்தகம். நானே பச்சை மையில் கோடு போட்ட பக்கம்: கிருமி உள்ளே போய், கண் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

நான் கேட்டது என்ன? 'இந்த வாரம் என்ன சாப்பிட்டீங்க?' ஜூனில் படுத்தவர்களிடம் மே மாதத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் யாருக்கும் வரவில்லை என்றதும் நிரூபித்த மாதிரி நினைத்தேனே, ஒரு வாரத்தில் எதுவுமே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. காமாலை வந்த வீடுகளுக்குத்தான் போனேன். வராத வீட்டுக்கு ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. நோய் வந்தவர்கள் எல்லாரும் பேராச்சி அத்தை இட்லி சாப்பிட்டவர்கள். சரி. வராதவர்கள்?

ஏஐ பொய் சொல்லவில்லை. நான் 'பரவுமா' என்று கேட்டேன், அது 'பரவலாம்' என்றது. வேறு எதனால் பரவும் என்று நான் கேட்கவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வராத வீடுகளுக்குப் போனேன்.

"இட்லியா? நீ வேண்டாங்கிற வரைக்கும் தெனமும் தின்னோமே. எங்க வீட்ல காலைல அடுப்பு பத்தவச்சதே இல்ல." எல்லா வாசலிலும் இதேதான். ஒருத்தர் சிரித்துவிட்டார்: "நீதாம்மா எங்க இட்லியக் கெடுத்த."

வீட்டுத் தரையில் சாக்பீசால் எங்கள் சந்தின் படத்தை வரைந்தேன். காமாலை வந்த வீடுகளுக்குப் பெருக்கல் குறி போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "இதென்னளா கோலம்" என்றாள்.

பெருக்கல் குறி எல்லாம் ஒரே வரிசையில் விழுந்தது. எங்கள் வரிசை. எதிர் வரிசையில் ஒன்றுகூட இல்லை. பேராச்சி அத்தை வீடு எதிர் வரிசை. இரண்டு வரிசைக்கும் தண்ணீர் லைன் வேறு வேறு. எங்கள் லைன் சாக்கடைக் கட்டருக்குள் ஓடுகிறது. மே மாதம் யாரோ கேபிள் போடத் தோண்டி அதை உடைத்தார்கள். துணியும் சைக்கிள் டியூபும் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு இரண்டு நாள் தண்ணீர் நாறியது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை? பத்தாவதில் எனக்கு டைபாய்டு வந்ததிலிருந்து அம்மா தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் கொடுப்பதில்லை.

போன முறையும் எனக்கு இதே மாதிரிதான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று இதே மாதிரி. அதனால் இன்று யாரிடமும், அம்மாவிடம்கூட, எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

விடியற்காலைத் தண்ணீர் விடும் நேரத்தில் குடையோடு போய் குழாயின் அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்தேன். சைக்கிள் டியூபிலிருந்து தண்ணீர் கட்டருக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியேதானே சொட்டுகிறது, அழுக்கு எப்படி உள்ளே போகும்? நான் நினைத்தது தப்பு என்று கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போது எங்கள் வீட்டில், லைனிலிருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

சொட்டுவது நின்றது.

வெளியே வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றால், இழுப்பு இப்போது எந்தப் பக்கம்?

நாளைக்கு எனக்கு எதிராகவே சோதித்துப் பார்க்க வேண்டும். நான் சொல்வது பொய்யாக இருந்தால் எப்படித் தெரியும்?

ஜூலை 22, செவ்வாய்

சொட்டு நீலம். வெள்ளைத் துணிக்குப் போடுவது. உடைந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, தேங்கிய கட்டர்த் தண்ணீரில் முழு பாட்டிலையும் ஊற்றினேன். முதலில் மோட்டார் இல்லாமல் வீட்டுக் குழாயில் ஒரு வெள்ளை வாளி பிடிக்க அம்மாவிடம் சொன்னேன். தெளிவாக இருந்தது. மோட்டாரைப் போட்டு இன்னொரு வாளி.

அம்மா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேசான நீலம். வானம் மாதிரி, பார்க்க அழகாகக்கூட இருந்தது.

எங்கள் வரிசையில் பல வீட்டில் மோட்டார் உண்டு. எல்லாமே திருட்டு மோட்டார்தான், மாநகராட்சி வார்டு ஆபீஸ்காரர் வந்தால் மரப்பெட்டிக்குள் போய்விடும். அதில் பெரியது எங்களுடையது. உடைந்த இடத்துக்கு முதல் வீடும் நாங்கள்தான்.

அப்பாவுக்கு வாளியைக் காட்டினேன். அவர் மோட்டார் மேல் கையை வைத்தார்.

"இது உனக்காவ வாங்குனதுளா. காலேஜுக்கு விடியக் கிளம்பணுமே, வரிசையில நின்னா டிரெயின் போயிருமேன்னு."

"தெரியும்ப்பா."

"நாம நிறுத்துனா அடுத்த வீட்டுக்காரன் நம்ம தண்ணியையும் சேத்து இழுப்பான். அம்புட்டுதான் நடக்கும்."

அவர் சொன்னதும் உண்மைதான்.

ஜூலை 23, புதன்

வெயிலுமுத்து அண்ணனிடம் போனேன். சொல்லி முடிக்க விடவில்லை.

"அதெப்படி? மொத சட்னின்ன. இப்ப தண்ணிங்கிற. அடுத்த வாரம் காத்தும்பியா?"

"அண்ணே, தப்பாச் சொல்லிட்டேன். அதான்…"

"நீ தப்பாச் சொன்னா எம் பேரும்லா போகும்? எங்குரல்லதான போயிருக்கு. கேளு, வார்டு ஆபீசுல கம்ப்ளெயிண்ட் குடுத்தேன்னு வையி, மொத உங்கப்பன் மோட்டாரத்தான் தூக்குவான். அப்புறம் எல்லார் மோட்டாரும். இந்தச் சந்துல உனக்கு யாரு சொட்டுத் தண்ணி குடுப்பா? சும்மா இரி."

வீட்டுக்கு வந்து நானே பேசிக் குரூப்பில் போட்டேன். அழித்து அழித்துத் திரும்பப் பேசினேன். "பேராச்சி அத்தை சட்னியில எதுவும் இல்ல. நான் எதையும் டெஸ்ட் பண்ணல. நான் சொன்னது தப்பு. தண்ணியக் கொதிக்கவச்சுக் குடிங்க. மோட்டார் போடாதீங்க."

இரண்டு கட்டைவிரல் வந்தது. ஒரு குட்மார்னிங் ரோஜா வந்தது. பிறகு யாரோ ஒரு பையன் கேட்டிருந்தான்: "அப்ப சட்னி, தண்ணி ரெண்டுலயும் இருக்காக்கா?"

போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தப்பு தானா நடந்து மாட்டுங்கா வரைக்கும் போச்சே! இது மட்டும் ஏன் சந்து முனைகூடத் தாண்ட மாட்டேங்குது?

ஜூலை 24, வியாழன்

கோகிலா பேசும்போது வார்த்தை குழறுகிறதாம். ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூலை 25, வெள்ளி

உள்ளே விடவில்லை. அவள் வீட்டுக்காரர் என்னிடம் கேட்கிறார், "நீங்க லேப்ல இருக்கீங்க, சொல்லுங்க, பொழைச்சிருவாளா?" என்னிடம்.

தெரியாது என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை ஜூனிலேயே சொல்லியிருக்கலாம். அவள் குடித்தது நான் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே சாத்தியம். இது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் அவளுக்குச் சட்னியைக் காட்டிவிட்டுத் தண்ணீரை விட்டுவிட்டேன். அது மட்டும் நிச்சயம்.

ஜூலை 27, ஞாயிறு

வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காலையில் பிடித்த நீலத் தண்ணீர். சில வீட்டில் நான் பேசுவதற்கு முன்பே வாளி பேசிவிட்டது. சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு பாட்டா செருப்பு என் பக்கத்தில் வந்து விழுந்தது. யார் வீட்டிலிருந்து என்று பார்க்கவில்லை.

நஜ்முன்னிசா அக்கா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கே நான் சொன்னேன்ல, அவன் இட்லி தொடமாட்டான்னு."

"சொன்னீங்கக்கா. காதுல விழுந்துச்சு. வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவர் மிஷினை நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டினார். "சலோ. அடுத்த வீட்டுக்கு நானும் வாரேன். நீ பேசுறது உனக்கே கேக்க மாட்டேங்குது."

ஜூலை 29, செவ்வாய்

காலையில் வீடு அமைதியாக இருந்தது. எது குறைகிறது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. மோட்டார் சத்தம்.

வெளியே போய்ப் பார்த்தேன். அப்பா குழாயடியில் இரண்டு வாளியோடு பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கழற்றிய மோட்டார் வாசலில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, சாக்கு மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் "லேட்டாவலயா? கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

இன்றே லேபுக்கு அரை நாள் சொல்லிவிட்டு நானும் நஜ்முன்னிசா அக்காவும் வார்டு ஆபீசுக்குப் போனோம். என் பெயரில்தான் கம்ப்ளெயிண்ட். பக்கத்தில் அக்காவின் கையெழுத்து.

ஆகஸ்ட் 2, சனி

கோகிலாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என் பெயரைச் சரியாகச் சொன்னாளாம். குழந்தை அசைகிறதாம்.

எங்கள் பக்கம் யாரும் அம்மாவிடம் பேசுவதில்லை. நேற்று ஆபீஸ்காரர்கள் வந்து மோட்டார்களை எடுத்துப்போனார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கட்டருக்கு மேலே புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். தண்ணீர் மெல்ல வருகிறது, ஆனால் கடைசி வீடு வரைக்கும் வருகிறது. வெயிலுமுத்து அண்ணன் வீட்டு மோட்டார் மட்டும் பரண் மேல் தப்பிவிட்டது என்கிறார்கள். பார்க்காததை எழுதக்கூடாது. 'என்கிறார்கள்.'

பேராச்சி அத்தை சான்பாடாவில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போகிறார். காலை ரயிலில் போய் இருட்டியபின் வருகிறார். மாட்டுங்காவில் பூதத்தான் மாமா நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்கிறானாம். குழாயை மாற்றிவிட்டார்கள். இதை யார் மாற்றுவது?

இரண்டு தடவை அத்தை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, கேட்க ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போனேன். அத்தை உளுந்து களைந்துகொண்டிருந்தார். ஞாயிறு அரைத்து, கொஞ்சமாக, அவர் வரிசைக்கு மட்டும் இட்லி போடுகிறாராம்.

"டாக்டரம்மா வாங்க. இன்னிக்கு எதுல கண்டுபிடிச்சீங்க, உளுந்துலயா?"

வாசல்படியிலேயே நின்றேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. திறந்திருக்கட்டும் என்றுதான் பகலில் போனேன். "அத்தை, நான் சோதிக்காமச் சொன்னேன். வெயிலுமுத்து அண்ணன் அதக் கூட்டிச் சொன்னப்பவும் சும்மா இருந்தேன். உங்க தொழில் போனதுக்கு நாந்தான் காரணம்."

எல்லாரும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"சரி, சொல்லிட்டல்லா. போ." தண்ணீரை வடித்தார். நான் போகவில்லை. "பொறவு என்ன? தண்ணிதான்னு இப்ப எப்படித் தெரியும்? அதையும் போன்ட்ட கேட்டியா?"

சொன்னேன். வராத வீடுகளுக்குப் போனது, இரண்டு லைன், நின்றுபோன சொட்டு, நீல வாளி. அவர் கை வேலையை விடவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெயிலுமுத்து உங்க வரிசதான? அவன் பச்சத்தண்ணியத்தான் மொடாமொடாவா குடிப்பான். அவனுக்கு ஏன் வரல?"

உடனே ஒரு பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று சொன்னேனே, அந்த மாதிரி ஒன்று. விழுங்கினேன்.

"தெரியல அத்தை. சின்ன வயசுல ஒரு தடவ வந்திருந்தா மறுபடி வராம இருக்கலாம்னு படிச்சிருக்கேன். அவருக்கு வந்துச்சான்னு நான் கேக்கல."

"அப்ப கேளு. கேக்காம எங்கிட்ட வந்து கத சொல்லாத."

"கேக்கேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "இன்னும் என்னத்துக்கு நிக்க? மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா? இப்ப வராது எனக்கு."

"அதுக்கு நிக்கல அத்தை."

"பொறவு?"

இத்தனை நாளில் என்னிடம் இப்படிக் குறுக்கே கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான். அப்பா கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை, கோகிலா நம்பிக்கொண்டே படுத்துவிட்டாள். நான் சொன்னேன்:

"இனிமேலும் நான் எதையாவது அடிச்சுச் சொல்லுவேன். எல்லாரும் தலையாட்டுவாங்க. நீங்க மட்டும் ஆட்டாதீங்க அத்தை. சந்து நடுவுல நிறுத்தி வச்சுக் கேளுங்க: உனக்கு எப்படிட்டி தெரியும்னு."